மிட்டாதார் மூக்கில் குளவி

மிட்டாதார் சிங்கமுத்துவுக்கு வம்சப் பெருமை பேசாவிட்டால் சோறு இறங்காது. அன்றைக்கு வீட்டில் விருந்து. இலையில் முதலில் விழவேண்டிய பாயசத்தோடு புது வேலைக்காரி சிட்டம்மா வந்தாள். கரண்டி இடது கையில் இருந்தது.

"எவடி அவ, நொட்டாங்கையால பரிமாறுறவ?"

"பொறந்ததுலருந்தே இப்படித்தாங்க சாமி. எங்கப்பாவும் இப்படித்தான், எம்புள்ளையும் இப்படித்தான். ரத்தத்துல வந்தது."

"என்ன ரத்தமோ! எங்க வம்சத்துல ஒருத்தனுக்கும் அது கிடையாது. கரண்டியை வச்சிட்டு வெளிய போ! இனி உனக்கு இங்க வேலை இல்ல."

சிட்டம்மா மிட்டாதாரையும் பக்கத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்த மூன்று மகன்களையும் ஒரு தடவை பார்த்தாள். நாலு மீசையும் இடப்பக்கம் மட்டும் ஊசியாக முறுக்கியிருந்தது.

"ஐயையோ! நாலு பேர் மூக்கு மேலயும் குளவி!" என்று அலறினாள்.

பட், பட், பட், பட்! நாலு மூக்கிலும் அடி விழுந்தது. நாலும் இடது கை.

பந்தியே வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது. மிட்டாதார் கையை மெல்லத் துண்டுக்குள் ஒளித்தார்.

"குளவி பறந்துருச்சுங்க சாமி. நான் கிளம்பட்டுமா?"

"இரு, இரு. பாயசத்தை ஊத்து."

"எந்தக் கையாலங்க?"

மிட்டாதார் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நம்ம கையாலயே ஊத்து, தாயி."