ரீலுக்குள் ஒரு குடும்பம்

மலை எஸ்டேட் ஏரிக்குச் சவரிமுத்து ஒருவர்தான் காவல். முதலாளி நல்லசிவம் வந்தால்தான் அவர் மனிதக் குரலையே கேட்பார்.

அன்று நல்லசிவம் விருந்தாளிகளோடு வந்து, கொட்டகையில் கிடந்த தூண்டிலை எடுத்தார்.

"பெரிய கெண்டை இழுத்துக்கிட்டு ஓடும். அதுக்குத்தான் நூல் நிறையக் கொள்ளுற ரீலாப் பார்த்து வாங்கினேன். மாசாமாசம் நானே கழற்றி எண்ணெய் போடுறேன்" என்றார்.

கெண்டை மாட்டியதும் ரீல் சுற்றாமல் நின்றது. நூல் அறுந்தது.

நல்லசிவம் சவரிமுத்து பக்கம் திரும்பினார். "நான் இல்லாதப்ப நீ எடுத்துக் கெடுத்துட்டே. தொடலைன்னு நிரூபி, இல்லேன்னா குடிசையைக் காலி பண்ணு."

"தொடாதேன்னு சொன்னீங்க, இப்பவும் தொடமாட்டேன். நீங்களே கழற்றுங்கய்யா."

நல்லசிவத்துக்கு எந்தப் பக்கம் திருகுவதென்றே தெரியவில்லை. ஒரு விருந்தாளி வாங்கிக் கழற்றினார். உள்ளே குளவியின் மண்கூடு இருந்தது.

"நான் தொட்டிருந்தா இது வீடு கட்டியிருக்காதுங்கய்யா. மாசாமாசம் எண்ணெய் போட்டும் எப்படிக் கட்டிச்சுன்னுதான் தெரியலை."

விருந்தாளிகள் சிரித்தார்கள். "இனி நீயே பார்த்துக்க" என்று ரீலைச் சவரிமுத்துவின் கையில் திணித்துவிட்டு நல்லசிவம் காரில் ஏறினார்.

கரை மறுபடி வெறிச்சோடியது. சவரிமுத்து ரீலைத் துடைத்து எண்ணெய் போட்டார். கூட்டைக் குடிசைச் சன்னலில் வைத்துவிட்டு, குளவி வருமா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.