காதுக்குள் கூட்டம்

இந்தக் கதையில் வயிறு வலிக்கச் சிரிக்கிற இடம் ஒன்று இருக்கிறது. உடனே அங்கே கூட்டிப் போக முடியாது. வழியில் பாக்கியண்ணன் நிற்கிறார். அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். அவரோ, யார் தாண்டினாலும் சந்தேகப்படுகிற ஆள்.

டீயில் நுரை கூடினால், பால் குறைவு என்று சந்தேகப்படுவார். நுரை குறைந்தால், அதைப் பக்கத்து ஆளுக்கு ஊற்றிவிட்டான் என்று சந்தேகப்படுவார். தெருவில் யாராவது சிரித்தபடி வணக்கம் வைத்தால் வீட்டுக்குப் போய்க் கண்ணாடி பார்ப்பார்.

ஆனால் கிடார் என்றால் அவர்தான். புன்னைத்துறைக் கடற்கரையில், தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து, கடல்முத்து இன்னிசைக் குழுவில் லீட் கிடார் அவர். அப்போதெல்லாம் அவர் முதுகுக்குப் பின்னால் இடுப்பு உயரத்துக்கு ஒரு ஸ்பீக்கர் பொட்டி நிற்கும். தந்தியைத் தொட்டால் பொட்டி உறுமும். சட்டை முதுகில் படபடக்கும். சட்டை படபடத்தால் சத்தம் வருகிறது என்று அர்த்தம். அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

பிறகு குழுவில் எல்லாம் மாறிவிட்டது. மேடையில் பொட்டி கிடையாது. காலடியில் தட்டையாக ஒரு டிஜிட்டல் பெடல். எந்த ஊர்ப் பொட்டியின் சத்தத்தையும் அது அச்சு அசலாகப் பண்ணிக் காட்டும். இரண்டு காதிலும் இறுக்கி அடைக்கிற இயர்போன். பாட்டு, டிரம்ஸ், தன்னுடைய கிடார் எல்லாம் அதற்குள்தான் வரும். வெளியே வேட்டு வெடித்தாலும் கேட்காது.

இதைப் பழகத்தான் ஜெனோவா மிஸ்ஸிடம் சேர்ந்தார். ஊர் ஊராகத் திறந்தவெளி மேடைகளில் கிடார் வாசிக்கிறவர் மிஸ். பாக்கியண்ணனின் மூத்த மகளைவிட ஒரு வயது குறைவு. வகுப்பில் மற்றவர்களுக்கு மீசை முளைக்கவில்லை. இவருக்கு மீசை நரைத்துவிட்டது. இருந்தாலும் இவரும் "மிஸ்" என்றுதான் கூப்பிடுவார்.

மிஸ்ஸிடம் இன்னொரு வித்தை உண்டு. யாராவது நாலு வார்த்தை பேசினால் போதும், ஐந்தாவது வார்த்தையை அவர் குரலிலேயே மிஸ் பேசிவிடுவார். வகுப்பில் எல்லாருக்கும் இது தெரியும். பாக்கியண்ணனுக்கு மட்டும் தெரியாது. இத்தனை சந்தேகப்படுகிறவர் இதை எப்படி விட்டார் என்று கேட்காதீர்கள். ஊரையே சந்தேகப்படுகிறவருக்கு நேரம் கிடைக்க வேண்டாமா?

முதல் நாளே கேட்டார்.

"மிஸ், இந்தப் பெடல் அடுத்தவன் சத்தத்துல பேசுது. இத எப்பிடி நம்புறது?"

"நம்பாதீங்கண்ணே. வாசிங்க."

வாசித்தார். ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. பெரியதாழைப் பக்கம் ஒரு திருவிழாவில் குட்டு உடைந்தது.

பாட்டு நடுவில் பாக்கியண்ணனுக்கு ஒரு சந்தேகம். வலது காது இயர்போனைக் கழற்றினார். மைதானத்தின் கடைசியில் ஒரு ஸ்பீக்கர் கோபுரம். அங்கிருந்து வருகிற சத்தம் மேடைக்கு வந்து சேரக் கொஞ்சம் தாமதமாகும். அவர் அந்தத் தாமதத்தைப் பிடித்துக்கொண்டு வாசித்தார். டிரம்ஸ் அவரைப் பார்த்தது. கீபோர்டு டிரம்ஸைப் பார்த்தது. பாட்டு நொண்டியடித்து, பல்லவியில் முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஒரு காலைத் தூக்கியபடி நின்றார்கள்.

குழுவை நடத்துகிறவர், பாடுகிறவர் எல்லாம் சேவியர். மேடையை விட்டு இறங்கியதும் அவர் சத்தமில்லாமல் சொன்னார்:

"அண்ணே, இன்னொரு தடவ காதுல இருந்து அதக் கழட்டுனீங்கன்னா, கழுத்துல இருந்து கிடாரையும் கழட்டிருங்க."

மறுநாள் பாக்கியண்ணன் மிஸ் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"ஏன்ண்ணே கழட்டுனீங்க? கிடார் கேக்கலயா?"

"கேட்டுச்சு மிஸ்."

"சரியா கேக்கலயா?"

"ரொம்ப நல்லா கேட்டுச்சு. அதான் சந்தேகமாப் போச்சு."

மிஸ் தன் கிடாரை எடுத்து மடியில் வைத்தார்.

"எனக்கு மட்டும் காதுக்குள்ள நல்லா குடுத்துட்டு, வெளிய மூடிட்டானுவன்னா? நான் உருகி உருகி வாசிப்பேன். கூட்டத்துக்கு ஒண்ணும் கேக்காது. சத்தத்தக் கூட்டிக் கொறைக்கிற மிக்சர்ல சுடலை ஒக்காந்திருக்கான். அவன் கையிலதான எல்லாம் இருக்கு?"

"சுடலை ஏன் மூடணும்?"

பாக்கியண்ணன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அவனும் கீபோர்டு ஜெர்சனும் ஒரே பைக்குல வாரானுவ."

"சரி."

"கிடார் சத்தம் கீபோர்டுலயும் வரும் மிஸ்."

"ஓ."

"வெளிய போவுதா இல்லியான்னு எனக்கு எப்பிடித் தெரியும்? அத மட்டும் சொல்லுங்க."

மிஸ் ஒரு தந்தியை முறுக்கிச் சுருதி சேர்த்தார். சேர்த்து முடித்துவிட்டு, "அடுத்த கச்சேரி எங்க?" என்று கேட்டார்.

"நம்ம ஊர்லதான். மாதா கோயில் திருவிழா."

"நான் வாரேன். சுடலைக்குப் பின்னாலயே உக்காந்துக்கிடுதேன். மிக்சர்ல ஒரு மைக் இருக்கும், தெரியும்லா? அதுல பேசுனா உங்க காதுக்குள்ள மட்டும் கேக்குற மாதிரி வச்சிருதேன். எவனாவது உங்களக் கொறைச்சா, அதுலயே சொல்லிருதேன். ஆனா ஒண்ணு. காதுக்குள்ள என்ன கேட்டாலும் கழட்டக் கூடாது."

பாக்கியண்ணன் சரி என்றார். வீட்டுக்குப் போகிற வழியில், மிஸ் இவ்வளவு சீக்கிரம் ஏன் ஒப்புக்கொண்டார் என்று சந்தேகப்பட்டார்.

(சிரிப்பு எங்கே என்கிறீர்களா? வரும். திருவிழாவுக்குக் கிளம்பியவர்கள் சப்பரம் வருகிறவரை காத்திருக்க மாட்டார்களா?)

திருவிழா அன்று சூரியன் விழுகிற நேரத்துக்கே கச்சேரி தொடங்கிவிட்டது. கடற்காற்று மேடைத் துணியைப் பிய்த்துக்கொண்டிருந்தது. பாக்கியண்ணன் அந்தக் காற்றையும் முறைத்தார். நாளைக்கு எவனாவது, 'கிடார் சத்தம் காத்துல போயிட்டு அண்ணாச்சி' என்று சொல்வானே.

மைதானத்தின் நடுவில் ஒரு சின்னப் பந்தல். அதில் டியூப் லைட் வெளிச்சத்தில் மிக்சர், அதற்கு முன்னால் சுடலை. பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் ஜெனோவா மிஸ். துப்பட்டாவால் மூக்கையும் வாயையும் மூடியிருந்தார்.

'பாவம், மணல் ஒத்துக்கல போல' என்று நினைத்தார் பாக்கியண்ணன். 'இந்தக் கூட்டத்துல ஒரு நல்ல ஆத்மா.'

முதல் பாட்டு மாதா பாட்டு. இரண்டு வரி போயிருக்கும். காதுக்குள் சுடலையின் கரகரத்த குரல்.

"அண்ணாச்சியக் கொறைச்சாச்சு வே. ஆளு பாட்டுக்கு வாசிச்சிட்டுக் கெடக்காரு."

பாக்கியண்ணனுக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது. கூடவே ஒரு சந்தோஷமும் வந்தது. மிக்சர் மைக்கை அணைக்க மறந்துட்டான்! மறந்துபோய்ப் பேசுகிறான்! பந்தலைப் பார்த்தார். சுடலையின் கன்னம் உப்பியிருந்தது. கையில் பாதி பஜ்ஜி.

'வாய்க்குள்ள பஜ்ஜிய வச்சிக்கிட்டே தெளிவாப் பேசுதான் பாரு. கள்ளப்பய.'

வழக்கமாக இந்த இடத்தில் இயர்போனைப் பிடுங்கியிருப்பார். இன்றைக்கு விரலால் இன்னும் உள்ளே அழுத்தினார். மிச்சத்தையும் கேட்க வேண்டாமா?

இரண்டாவது பாட்டில் பங்குச் சாமியாரின் குரல் வந்தது. பூசையில் இழுத்துப் பேசுகிற அதே இழுப்பு.

"அந்த மூலையில... ஒருத்தர் நிக்கிறாரே... தொட்டிச் செடி மாதிரி. அவர்... என்ன பண்றாரு?"

சாமியார் முன்வரிசையில் சோபாவில் உட்கார்ந்து, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாய் மூடியிருந்தது.

'உதடு அசையாமப் பேசுதாரு. எத்தன வருசப் பிரசங்கம்! சோபாவுக்கு அடியில மைக்க ஒளிச்சு வச்சிருக்கானுவ.'

குனிந்து சோபாவுக்கு அடியில் பார்த்தார். ஒரு நாய் படுத்திருந்தது. அவரைப் பார்த்து வாலை ஆட்டியது. அதையும் அவர் நம்பவில்லை.

மூன்றாவது பாட்டு குத்துப்பாட்டு. நடுவில் கிடாருக்கென்று ஒரு நீளமான தனி வாசிப்பு உண்டு. கூட்டம் எழுந்துவிட்டது. சேவியர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, ஒரே மூச்சில் ஒரு சங்கதியை மேலே மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். அந்த மூச்சுக்கு நடுவில், அதே சேவியர் காதுக்குள் நிதானமாகச் சொன்னார்:

"அடுத்த திருவிழாவுக்கு ஜெர்சனே போதும். அண்ணன்கிட்ட யார் சொல்றது?"

பாக்கியண்ணன் மேடையில் இருந்த சேவியரைப் பார்த்தார். சங்கதி இன்னும் முடியவில்லை. ஒரு தொண்டையில் இரண்டு காரியம் நடக்குமா?

நடக்கும் என்று முடிவு செய்தார். 'நேத்தே பேசி ரெக்கார்டு பண்ணி வச்சிருக்கான். எவ்வளவு முன்னேற்பாடு!'

அடுத்து வந்தது ரோஸ்லின். அவருடைய மனைவி. அண்ணன் எப்போது கிளம்புவார் என்று கேட்டு வகுப்புக்குப் போன் பண்ணுகிற அதே சலிப்புக் குரல்.

"நான் அன்னைக்கே சொன்னேன். இந்த மனுசன் கேட்டாத்தான?"

ரோஸ்லின் வீட்டில் மீன் குழம்பு வைத்துக்கொண்டிருப்பாள். கோயிலுக்கும் வீட்டுக்கும் நடுவில் நாலு தெரு.

'போன் போட்டுக் கேட்டுருக்கானுவ. அடுப்படி வரைக்கும் கை நீண்டுட்டு.'

பெடலைத் தாண்டிக் குதித்து, பந்தலுக்கு ஓடி, சுடலையின் சட்டையைப் பிடிக்க வேண்டும் போல் இருந்தது. ஆனால் ஓடினால் வயர் இழுக்கும், காதிலிருந்து கழன்றுவிடும். கழன்றால் சேவியர் சொன்னது நடக்கும். அதற்காகத்தானே இத்தனை பேரும் காத்திருக்கிறார்கள்? விடுவாரா? பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். விரல்கள் அவற்றின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. அவர் காது மட்டும் அடுத்து யார் என்று பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்தவர் வந்தார். அடித் தொண்டையிலிருந்து, கொஞ்சம் சளி கட்டிய குரல்.

"எனக்குத் தெரியும்லா. எல்லாப் பயலும் கூட்டு."

பாக்கியண்ணன் தலையாட்டினார். சரியான பேச்சு. இந்த ஊரில் விவரம் உள்ளவன் ஒருத்தனாவது இருக்கிறானே.

"சாமியாரும் கூட்டு."

"ஆமா" என்றார் பாக்கியண்ணன்.

"ரோஸ்லினும் கூட்டு."

"பின்ன?"

"மிஸ்ஸும் கூட்டுதான்."

"நெனச்சேன்."

"நானும் கூட்டுதான்."

அதற்கும் தலையாட்டப் போனார். தலை பாதி வழியில் நின்றுவிட்டது.

யாருடைய குரல் இது?

இதே குரலில்தான் அவர் காலையில் ரோஸ்லினிடம் சட்டை கேட்டார். இதே குரலில்தான் கொஞ்சம் முன்னால் "நெனச்சேன்" என்றார். உதட்டைத் தொட்டுப் பார்த்தார். மூடித்தான் இருந்தது. காதுக்குள் அந்த ஆள் அவரைப் போலவே, செருமுவதற்கு முன்னால் வைக்கிற அந்தச் சின்ன இடைவெளியும் விட்டு, ஒரு தடவை செருமினான்.

பாக்கியண்ணன் மெதுவாகப் பந்தலைப் பார்த்தார்.

துப்பட்டா கீழே இறங்கியிருந்தது. ஜெனோவா மிஸ்ஸின் வாயருகே மைக். பக்கத்தில் சுடலை மேசையில் தலையைக் கவிழ்த்திருந்தான். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. பஜ்ஜி கீழே மணலில் கிடந்தது.

அப்போதுதான் மற்றதும் கண்ணில் பட்டது. பாட்டு முடிந்திருந்தது. சேவியர் இவர் பக்கம் திரும்பி, தலைக்கு மேல் கையைத் தூக்கித் தட்டிக்கொண்டிருந்தார். ஜெர்சன் கீபோர்டில் இருந்து கையை எடுத்துவிட்டுத் தட்டிக்கொண்டிருந்தான். சாமியார் சோபாவை விட்டு எழுந்துவிட்டார். மைதானம் முழுக்கக் கைகள். ஒரு சத்தமும் காதில் விழவில்லை. அவர் கழற்றவில்லையே.

கிடாருக்கான அந்தத் தனி வாசிப்பு எப்போது வந்தது? எப்போது போனது? விரல் நுனியில் தந்தியின் தடம் சிவந்திருந்தது. வாசித்திருக்கிறார். என்ன வாசித்தோம் என்று யோசித்தார். சுடலையின் குரல் ஞாபகம் வந்தது. சாமியாரின் இழுப்பு ஞாபகம் வந்தது. ரோஸ்லினின் சலிப்புகூட வந்தது.

கிடாரை ஒரு தடவை தொட்டுக் காட்டி, மைதானத்தை நோக்கிக் கையை நீட்டி, பந்தலைப் பார்த்து உதட்டை அசைத்தார். வெளிய போச்சா மிஸ்?

இந்தத் தடவை மிஸ் தன் சொந்தக் குரலில் பேசினார்.

"வெளிய எல்லாருக்கும் கேட்டுச்சுண்ணே. உங்களுக்குக் கேட்டுச்சா?"