நாற்பத்தோராம் பக்கம்

குருவென்றால் நரைத்த தாடி, சீடனென்றால் அரும்பு மீசை என்று எதிர்பார்த்து வந்தவர்கள் இப்போதே எழும்பிப் போகலாம். இந்தக் கதையில் குருவுக்கு ஐம்பத்திரண்டு வயது, பெயர் திலகவதி. சீடருக்கு அறுபத்தேழு. ஊரில் ஆங்கிலம் படிப்பித்து, பிறகு இங்கிலாந்துக்கு வந்து பதினெட்டு வருடம் பெற்றோல் செட்டில் நின்று ஓய்வெடுத்த சிவகடாட்சம் மாஸ்டர்.

இடம், இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் ஒரு மீன்பிடித் துறைமுகம். மழை நின்றால் காற்று, காற்று நின்றால் மழை.

திலகவதி பத்தொன்பது வயதில் கரவெட்டியிலிருந்து வந்து, அங்கே ஒரு தொழிற்சாலையில் மீனுக்கு முள் எடுத்தவர். கூட வேலை செய்த பெண்கள் வாசித்துவிட்டுப் போட்ட காதல் நாவல்களைத் தேநீர் இடைவேளைகளில் எடுத்தெடுத்து வாசித்துத்தான் ஆங்கிலம் பிடிபட்டது. ஒரு நாள், இதை நானும் எழுதலாமே என்று நினைத்தார். எழுதினார். இப்போது தொண்ணூற்றொரு நாவல். அட்டையில் ஒரு வெள்ளைக்காரிப் பெயர். காலை ஒன்பதுக்குக் குசினி மேசையில் குந்தினால் ஒரு மணிக்கு எழும்புவார், எழும்பிச் சோறு வைப்பார்.

எங்கள் சனத்துக்கு இது தெரியும். தெரியாத மாதிரி இருப்பார்கள். "அது சும்மா பெட்டை பெடியன் கதை" என்று ஒரு கை விசிறல், அவ்வளவுதான்.

மாஸ்டரும் அப்படி விசிறியவர்தான். மனைவி பரிமளம் செத்து ஒரு வருடம் கழித்து, தானும் ஆங்கிலத்தில் ஒரு காதல் நாவல் எழுதத் தொடங்கினார். நூறு பக்கத்தில் நொண்டியது. வெட்கத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திலகவதியின் கதவைத் தட்டினார். அதுவரை "நீர்" என்று கூப்பிட்டவர், உள்ளே போய்க் கதிரையில் இருந்ததும் "நீங்கள்" என்றார். "தங்கச்சி" மட்டும் மாறவில்லை.

முதல் நாள், நிலா வெளிச்சத்தில் நாயகி நிற்பதைப் பற்றி மூன்று பக்கம் வாசித்துக் காட்டினார். திலகவதி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒரு கேள்விதான் கேட்டார்.

"அண்ணை, அந்தப் பிள்ளை சாப்பிட்டவளோ?"

மாஸ்டர் முழித்தார். வீட்டுக்குப் போய் மூன்று பக்கத்தையும் கிழித்தார். நாயகியைக் குசினிக்குள் கொண்டுபோய் ஒரு துண்டு பாண் கொடுத்தார். அன்றிலிருந்து கதை நடக்கத் தொடங்கியது.

இப்படி ஒரு வருடம், சனிக்கிழமை சனிக்கிழமையாய். பத்தொன்பது அத்தியாயம் ஓடியது. நாயகிக்கு எமிலி என்று பெயர் வைத்திருந்தார். ஆனால் கோபம் வந்தால் பாத்திரத்தை ஓசைப்படாமல் வைப்பாள், யாராவது புகழ்ந்தால் மூக்கைச் சொறிவாள். பரிமளத்தை அறிந்த எவருக்கும் அது பரிமளம்தான்.

இருபதாம் அத்தியாயத்தில் எமிலி ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள்.

பதிப்பகத்திலிருந்து பதில் வந்தது. பத்தொன்பது அத்தியாயமும் அருமை, ஒரு சொல்லும் மாற்ற வேண்டாம். இருபதாவதை மட்டும் திருப்பி எழுதவும். எங்கள் நாவல்களில் நாயகி சாவதில்லை. மாதக் கடைசிக்குள் வராவிட்டால் புத்தகம் இல்லை.

மாதக் கடைசிக்கு ஆறு நாள் இருந்தது. மாஸ்டர் நாலு முறை எழுதிப் பார்த்து நாலையும் குப்பையில் போட்டார். அறுபத்தேழு வயதில் இனி இன்னொரு நாவல் வரப்போவதில்லை, வந்தாலும் அதில் பரிமளம் இருக்கப்போவதில்லை. இந்தப் புத்தகம் போனால் அவள் இன்னொரு முறை போன மாதிரி. அது அவருக்கு நன்றாய்த் தெரிந்திருந்தது. தெரிந்தும் கை ஓடவில்லை.

சனிக்கிழமை காலை திலகவதியின் குசினியில் கடிதத்தை மேசையில் போட்டார்.

"தங்கச்சி, தொண்ணூற்றொரு தரம். தொண்ணூற்றொரு தரமும் கடைசியிலை எல்லாரும் சந்தோசமாய் இருக்கினம். உங்களுக்கு மனம் கூசேல்லையோ?"

"தேத்தண்ணி குடிக்கிறியளோ?"

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்கோ. அது பொய். பச்சைப் பொய். செத்த மனிசியை உயிரோடை இருக்கிறா எண்டு நான் எப்பிடி எழுதுறது?"

திலகவதி கேத்திலை நிற்பாட்டினார். கோட்டை எடுத்து மாட்டினார்.

"சப்பாத்தைப் போடுங்கோ அண்ணை."

"எங்கை?"

"போடுங்கோவன்."

இரண்டு தெரு தள்ளி நூலகம். பெரிய எழுத்துப் புத்தகங்களுக்கென்று சூடாக்கிக்குப் பக்கத்தில் ஒரு அலுமாரி இருந்தது. வயதானவர்கள் கையைச் சூடு காட்டிக்கொண்டே புத்தகம் தெரிவுசெய்ய வசதி. திலகவதி தன் நாவல் ஒன்றை உருவி எடுத்தார். முதுகு பிய்ந்து, இரண்டு தரம் ஒட்டப்பட்டிருந்தது. நாற்பத்தோராம் பக்கத்தைத் திறந்து மாஸ்டரிடம் நீட்டினார்.

ஓரம் முழுக்கப் பென்சில் கீறல். ஒரு நட்சத்திரம். ஒரு முக்கோணம். 'டி' என்ற எழுத்து. ஒரு சின்ன வீடு. ஒரு பூ. ஏணி மாதிரி ஏதோ ஒன்று.

மாஸ்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புத்தகத்தில் கீறிய பொடியளை வகுப்புக்கு வெளியே நிறுத்தியவர் அல்லவா!

"ஆர் இந்தக் காவாலி வேலை பார்த்தது?"

"எல்லாம் எழுபது தாண்டின கிழவியள். கிழமைக்கு ஆறு புத்தகம் வாசிப்பினம். எது வாசிச்சது, எது வாசிக்கேல்லை எண்டு பிறகு பிடிபடாது. அதுக்கு எல்லாப் புத்தகத்திலையும் இந்தப் பக்கத்திலை ஆளுக்கொரு அடையாளம். அலுமாரியிலை இருந்து எடுத்தவுடனை அந்தப் பக்கத்தைப் பார்ப்பினம். அடையாளம் இருந்தால் திருப்பி வைச்சிடுவினம்."

 மாஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. நூலகம் என்றும் பாராமல் சிரித்தார்.

"அப்ப, உங்கடை கதையை வாசிச்ச ஞாபகமே அவைக்கு இல்லை! அடையாளம் போட்டுத்தான் கண்டுபிடிக்கவேண்டிக் கிடக்கு!"

"ஓம்."

"தொண்ணூற்றொரு புத்தகம் எழுதி!"

"ஓம் அண்ணை. சிரிச்சு முடிஞ்சுதோ? முடிஞ்சால் வடிவாய்ப் பாருங்கோ. ஒரே அடையாளம் ரெண்டு தரம் கிடக்கோ?"

மாஸ்டர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு பார்த்தார். அந்த ஏணி, ஏணி இல்லை. அடியில் தொடங்கி, ஒன்றுக்கு மேல் ஒன்றாய் அடுக்கிய ஒரே அடையாளம், ஒரு சின்ன நங்கூரம். எண்ணினார். ஏழு. அடியில் இருந்தது மங்கிப்போயிருந்தது. உச்சியில் இருந்தது புதுசு.

"அட, இது பெரிய மறதிக்காரி" என்றார் மாஸ்டர். "தன்ரை அடையாளத்தையே பார்க்காமல் ஏழு தரம் ஏமாந்திருக்கு, பாவம்."

"அதை அவவிட்டையே கேளுங்கோ. சனிக்கிழமை பத்தரைக்கு வருவா."

சொல்லிவிட்டுத் திலகவதி தள்ளிப்போய்ப் பேப்பர் ஒன்றை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். அவர் எழுதுகிறவர் என்பது அந்த நூலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் அவருக்கு வசதி.

பத்தரைக்கு மிஸஸ் ஹெப்வர்த் வந்தார். எண்பது வயதிருக்கும். நனைந்த மழைக்கோட்டு, சில்லுப் பூட்டிய சாமான் பை. நேரே அலுமாரிக்கு வந்தார். மாஸ்டர் அவசரமாய்த் திருப்பி வைத்த அதே புத்தகத்தை எடுத்தார். நாற்பத்தோராம் பக்கத்தைத் திறந்தார். நங்கூரங்களைப் பார்த்தார், தலையை ஆட்டினார். பையிலிருந்து ஒரு பென்சில் கட்டையை எடுத்து, எல்லாவற்றுக்கும் மேலே எட்டாவதைக் கீறினார்.

மாஸ்டரால் பொறுக்க முடியவில்லை. தேவையில்லாத இடத்தில் வாயைக் கொடுப்பது அவருக்குப் பழக்கம்.

"மன்னிக்கவேண்டும் மேடம். இது நீங்கள் ஏற்கெனவே வாசித்த புத்தகம்போல் இருக்கிறதே?"

அந்த ஊரில் யாரையும் 'லவ்' என்றுதான் கூப்பிடுவார்கள். கடைக்காரனும் 'லவ்', பஸ் டிரைவரும் 'லவ்', முன்பின் தெரியாதவனும் 'லவ்'. கிழவி ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"தெரியும் லவ். இதோ கீறியிருக்கிறேனே."

"மறந்துபோய் எடுக்கவில்லையா?"

"மற்றப் புத்தகங்களை மறப்பேன். இதை மறக்கவில்லை. இதில் படகு திரும்பி வருகிறது."

"எந்தப் படகு?"

"கடைசியில், லவ். எல்லாரும் கைவிட்ட பிறகு வருகிறது. அவள் அடுப்பில் சூப்பைத் தீயவிட்டுவிட்டுத் துறைமுகத்துக்கு ஓடுகிறாள்." கிழவி புத்தகத்தைப் பைக்குள் வைத்தார். "என்னுடைய ஸ்டான்லி போன படகு வரவில்லை. ஜனவரி மாதம். பனி. பத்தொன்பது பேர்."

மாஸ்டர் அத்தோடு விட்டிருக்கலாம். விட்டாரா? இல்லையே. கடிதம் வந்த நாளிலிருந்து மனதில் கிடந்து அரித்தது வெளியே வந்துவிட்டது.

"அப்படியென்றால் இது உண்மை இல்லையே, மேடம்!"

கிழவி அவரை ஏற இறங்கப் பார்த்தார். கோபிக்கவில்லை. கோபித்திருந்தாலாவது மாஸ்டருக்கு ஆறுதலாய் இருந்திருக்கும்.

"லவ், நான் ஒன்பது நாள் அந்தத் துறைமுகச் சுவரடியில் நின்றவள். வயிற்றில் ஆறு மாதம். வரவில்லை என்பதை நீ எனக்குச் சொல்லித் தரவேண்டாம்."

அவர் மாஸ்டரின் முழங்கையில் இரண்டு தரம் தட்டினார். பையை இழுத்துக்கொண்டு போனார். பேப்பருக்குப் பின்னால் இருந்த பெண்ணைத் தாண்டித்தான் போனார், திரும்பிப் பார்க்கவில்லை.

மாஸ்டருக்குக் காது சுட்டது. வகுப்பில் பிழையாய்ப் படிப்பித்துப் பொடியளிடம் பிடிபட்ட நாளில்கூட அவருக்கு இவ்வளவு வெட்கம் வந்ததில்லை.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. இருவரும் ஓடிப்போய்ப் பக்கத்துப் பஸ் தரிப்பிடத்துக் கூரைக்குக் கீழே நின்றார்கள். அங்கே இருந்த வாங்குப் பலகை ஈரமாய்க் கிடந்ததால் குந்தவில்லை.

"அவவுக்கு எல்லாம் தெரியுது" என்றார் மாஸ்டர்.

"ஓம்."

"தெரிஞ்சுகொண்டுதான் எடுக்கிறா."

"ஓம்."

"எண்டாலும் தங்கச்சி, அது பொய்தானே?"

திலகவதி நனைந்த தலையைச் சால்வையால் துடைத்தார்.

"பொய் எண்டால் ஆராவது ஒராள் ஏமாறவேணுமே, அண்ணை. உதிலை ஏமாந்தது ஆர்?"

   ஒரு பஸ் வந்து நின்று, ஏறுவாரில்லை என்று கண்டு போனது.

அடுத்து மாஸ்டர் பேசியபோது குரல் வேறாய் இருந்தது. அதில் வாதம் இல்லை.

"நான் பக்கத்திலை இருந்தனான். கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தனான். அந்த ஆஸ்பத்திரியிலையிருந்து பரிமளம் வீட்டை வரேல்லை தங்கச்சி. உடுப்புப் பைதான் வந்தது. பைக்குள்ளை அவவின்ரை செருப்பு. ரெண்டு வருசமாய் அந்தப் பையை நான் அவிழ்க்கேல்லை." மூக்கை உறிஞ்சினார். "எழுதத் தெரியாமல் இல்லை. எழுதக் குந்தினால் அந்த வாசலைத் தாண்டி அவவை வெளியிலை கொண்டுவரத் தெரியேல்லை. எப்பிடிக் கொண்டுவாறது? அதைச் சொல்லுங்கோ. நீங்கள் தொண்ணூற்றொரு தரம் கொண்டுவந்தனீங்கள்."

 தண்ணீர் கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. திலகவதிக்கும் பரிமளத்தைத் தெரியும், அக்கா என்றுதான் கூப்பிடுவார். கோயில் மடப்பள்ளியில் பக்கத்தில் பக்கத்தில் நின்று மரக்கறி வெட்டியவர்கள்.

"அந்த ஆஸ்பத்திரி வாசலிலையிருந்து உங்கடை வீட்டடிக்கு எந்தப் பஸ் வாறது?"

மாஸ்டருக்கு விளங்கவில்லை. கேள்வி கேட்டால் பதில் சொல்லும் பழக்கத்தில் சொன்னார்.

"அறுபத்தொண்டு. எனக்குத் தெரியாமலோ? ரெண்டு மாதம் நாள் தவறாமல் போய் வந்தவன்."

"இருக்க இடம் கிடைக்குமோ?"

"காலமை நெரிசல். பின்னேரம் மூண்டு மணிக்கு எண்டால் கிடைக்கும். யன்னல் பக்கமும் கிடைக்கும். ஏன்?"

"அப்ப அக்காவை மூண்டு மணி பஸ்ஸிலை ஏத்துங்கோ."