சேற்று நண்டு கொடுக்கை இறக்காத கதை

அந்தக் காலத்தில் கழிமுகத்துப் பறவைகளும் நண்டும் பேசும். பேசுவதோடு நிற்காமல் கடனும் வாங்கும். காசு என்றால் அங்கே சோழிதான். ஊர்ச் சோழி மொத்தமும் சுண்டுவிரல் அளவுள்ள ஒரு சேற்று நண்டின் பொறுப்பில் இருந்தது. அப்போது அதற்கு இரண்டு கொடுக்கும் சிறிசுதான். பத்துச் சோழி வாங்கினால் பதினொன்றாகத் திருப்பவேண்டும், அவ்வளவுதான் வட்டி. நண்டு கேட்டவர்க்கெல்லாம் அள்ளிக் கொடுத்தது. நல்ல பேர் எடுக்க யாருக்குத்தான் ஆசை இல்லை?

நீர்க்காகம் முங்கி மீன் பிடித்து விற்கும். கூழைக்கடா கடன் வாங்கி, அந்த மீனை எல்லாம் வாங்கித் தாடைப் பைக்குள் பதுக்கியது. நாளைக்கு விலை ஏறியதும் விற்கலாம் என்று நினைப்பு. அதைப் பார்த்து மற்றவையும் கடன் வாங்கிப் போட்டிபோட்டன. ஒரு சோழிக்கு விற்ற மீன் ஏழு சோழி ஆயிற்று. அநியாயம்!

சிறகொடிந்த மீன்கொத்தி ஒருத்தி நண்டிடம் ஓடிவந்தாள்.

"அண்ணே, நான் முங்க முடியாதவ. புள்ளைங்க பசியில வாயைப் பொளந்துக்கிட்டுக் கெடக்குதுங்க. இன்னும் பத்துச் சோழி குடுங்க."

அள்ளப் போன நண்டு நிறுத்திக்கொண்டது. "உனக்குக் குடுத்தா அந்தப் பைக்காரனும் வந்து வாங்குவான், தாயி. மீன் அதே மீன்தான். நான் சோழியை அள்ளிவிட அள்ளிவிட விலைதான் ஏறுது."

"அப்ப என் புள்ளைங்க சாவட்டுமா?" என்று அவள் கத்தினாள்.

கடன் மலிவாகக் கிடைக்கிறவரை விலை இறங்காது என்று நண்டுக்குப் பட்டது. நேரே வளை வாசலுக்கு வந்து அறிவித்தது: "இனிமே பத்து வாங்கினா இருபது! வாங்கின கடனுக்கும் அதே வட்டிதான்!"

கூழைக்கடா கூட்டத்தோடு வந்து நின்றது. "டேய், வட்டியை இறக்கு! இல்லேன்னா வளையோட மிதிச்சுத் தள்ளிருவோம்!"

"மிதிடா! சோழி வேணும்னா என்னைத் தாண்டிப் போய் எடு. இறக்கமாட்டேன்."

நண்டு ஒரு கொடுக்கைத் தூக்கி வாசலை மறித்தது. ஆளாளுக்கு அதைக் கொத்தின. கொடுக்கு வீங்கிப் பெருத்தது. நண்டு இறக்கவில்லை.

புதுக் கடன் கேட்க ஒருவரும் வரவில்லை. மீனை வைத்திருந்தால் லாபத்தை வட்டியே தின்றுவிடும் என்று தெரிந்ததும் கூழைக்கடா பையைத் திறந்து, வந்த விலைக்கு மீனைக் கொட்டியது. நீர்க்காகமும் விலையைக் குறைத்தது. கொக்கு கடன் வாங்கிக் கட்டிய கூடு பாதியில் நின்றுபோனது உண்மைதான். அந்தக் கோபத்தில் அது இன்றைக்கும் நண்டைக் கண்டால் விடுவதில்லை. ஆனால் மீன்கொத்தி பழையபடி ஒரு சோழிக்கு மீன் வாங்கிப் போய்ப் பிள்ளைகளுக்கு ஊட்டினாள்.

விலை அடங்கியதும் நண்டு வட்டியைக் குறைத்துவிட்டது. வீங்கிய கொடுக்குதான் குறையவே இல்லை. அன்று பிடித்துத்தான் அந்தச் சின்ன நண்டு ஒற்றைக் கொடுக்கை உயர்த்திக்கொண்டு வளை வாசலில் நிற்கிறது. கொக்கு வந்தாலும் சரி, நீங்களே போனாலும் சரி, முடிந்தால் இறக்கிப் பார் என்கிறது.