கடல்ல மொளச்ச ஊரு

ஒரே ஒரு கடலாம், அதுக்கு ரெண்டு கரையாம், கரைக்கு ஒரு ராஜாவாம். இக்கரையில ராக்காயின்னு ஒருத்தி இருந்தா. புருஷன் நம்பு கடலுக்குப் போவான், இவ மீன் விப்பா.

மீன் யாருக்குன்னு ரெண்டு நாட்டுக்கும் ஓயாத சண்டை. கடைசியில ராஜாங்க ஒக்காந்து பேசி, ரெண்டு கரையில இருந்தும் ஒரே நேரத்துல படகு கெளம்பணும், எங்க சந்திக்குதோ அதான் எல்லைன்னு முடிவு பண்ணாங்க. நல்ல ஏற்பாடுதான? ஆனா அக்கரை மந்திரி இருக்கானே, சரியான எமகாதகன். தண்ணி வத்துற நேரத்துல கடலுக்குள்ள ஒரு மணல்திட்டு தலையத் தூக்கும். அதுல ஒரு குடிசையப் போட்டு, ஒரு ஆட்டையும் கட்டி, இதுவும் எங்க ஊருதான்னு சொல்லி, படகை அங்க இருந்து விட்டுட்டான். பொழுது சாய, தண்ணி ஏறித் திட்டு முங்குறதுக்கு முன்னாடி ஆட்டை மட்டும் அவுத்துட்டு வந்துட்டான், அதுல வெவரம். அவன் ராஜாவும் நம்பிட்டாரு. எல்லை இக்கரைக்காரங்க வாசல்ல வந்து நின்னுருச்சு.

நம்பு வழக்கமா வலை விடுற எடத்துக்குத்தான் போனான். அக்கரைக் காவக்காரங்க புடிச்சு உள்ள போட்டுட்டாங்க. ராக்காயி அழுதா, அழுதா, அழுது ஓஞ்சா. பொறவு தோணி ஏறி அக்கரை ராஜாகிட்டயே போயிட்டா. வெள்ளந்தி மனுசி, அந்தத் திட்டுல நெசமாவே ஊர் இருக்குன்னு நெனச்சுட்டா.

"எம்புருஷன் உங்க திட்டு ஊருக்காரங்க மீனைப் புடிச்சுட்டாராம் மகராசா. அந்த ஊர்ப் பெரியவர் கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்கணும். என்னை அங்க அனுப்பி வைங்க"ன்னா.

மந்திரிக்கு வேர்த்துருச்சு. பெரியவர் சந்தைக்குப் போயிருக்காருன்னான். வர்ற வரைக்கும் இருக்கேன்னா இவ. ஊர்ல திருவிழான்னான். நானும் சாமி கும்புட்டுக்கிறேன்னா. ஊர்ல அம்மை போட்டிருக்குன்னான். வேப்பிலை கொண்டுட்டுப் போறேன்னா. விடுவாளா, புருஷன் உள்ள கெடக்கான்ல? அப்புறம் ராஜாவுக்கே அந்த ஊரைப் பாக்கணும்னு ஆசை வந்து, மூணு பேருமா படகுல போனாங்க.

போய்ப் பாத்தா குடிசையுமில்ல, மணலுமில்ல, எங்கயும் தண்ணி. ராஜாவுக்கு வெளங்கிருச்சு. "எறங்கிப் போய்ப் பெரியவரக் கூட்டிட்டு வாரும்"னு மந்திரிய எறக்கி விட்டாரு. இடுப்பு வரைக்கும் தண்ணி, அப்புறம் மாரு வரைக்கும் தண்ணி, அப்புறம் கழுத்து வரைக்கும் தண்ணி. அதுக்கு மேல தாங்குவானா?

"இது ஊரில்ல ராஜா, கடலு! தூக்கி விடுங்க"ன்னு அவன் வாயாலயே சொல்லிட்டான்.

தூக்குனாங்க. மந்திரி வேலை போச்சு, கரையில மத்தவங்க படகைத் தள்ளி விடுற வேலைதான் மிஞ்சுச்சு. மறுபடியும் நெசக் கரையில இருந்து படகு விட்டாங்க, எல்லை நடுக்கடலுக்குப் போயிருச்சு. நம்பு வெளிய வந்தான். ராக்காயி அவனைத் தொட்டுத் தொட்டுப் பாத்தா. அப்பாடான்னு ஒரு மூச்சு விட்டா பாருங்க, அத்தன நாள் மூச்சும் அதுல வந்துருச்சு.

இல்லாத மண்ணை இருக்குன்னா, கடலே வந்து கேக்கும். அவங்க வீடு போய்ச் சேந்துட்டாங்க, நீங்க கண்ணை மூடுங்க.