சாமியார் சொல்லிக் கழற்றியது

கோத்தகிரி மலைப்பாதையில் பனி இறங்கிவிட்டால் சுலோசனாவின் ஸ்போர்ட்ஸ் கார் பேச ஆரம்பித்துவிடும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும், பின்சீட்டுக்கு அடியிலிருந்து யாரோ விரலை மடக்கி 'டொக்' என்று தட்டுவார்கள். செத்துப்போன அவள் புருஷன் ஆசை ஆசையாக வாங்கிய கார் அது.

பனிமலைச் சாமியார் பக்கத்தில் உட்கார்ந்து, பின்சீட்டைத் திரும்பிப் பார்த்து, "காரை என் ஆசிரமத்துக்குக் கொடுத்துடலாமா?" என்று கேட்டுவிட்டு அவளிடம், "வேகத்தைக் குறைம்மா, உன் வீட்டுக்காரர் பேசட்டும்" என்பார். அவள் காலை எடுப்பாள். டொக். அவர் சரியென்று சொல்லிவிட்டதாகக் கேட்டவர்களெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

கார் கைமாறுவதற்கு முந்தைய நாள் சாமியார் மெக்கானிக் ஜோகியைக் கூப்பிட்டு அதட்டினார். "நான் ஏறப்போற வண்டிடா. அடியில தேஞ்சதெல்லாம் புதுசாகணும். ஒரு குறை இருந்தாலும் உன் பட்டறையை இழுத்துப் பூட்டிடுவேன்."

ஜோகி காருக்கு அடியில் படுத்துப் பார்த்தான். பின் சக்கரங்களைச் சுழற்றும் டிஃபரன்ஷியல் பெட்டியைத் தாங்கும் ரப்பர் புஷ்கள் பிய்ந்துபோய், இரும்பு இரும்பில் இடித்துக்கொண்டிருந்தது. ஊரைக் கதிகலக்கிய குரல் அதுதான். பழசைக் கழற்றிவிட்டுப் புதுசு போட்டான்.

மறுநாள் பக்தர்கள் நடுவே கார் மெல்ல நகர்ந்தது. "பேசுங்க!" என்றார் சாமியார். சுலோசனா காலை எடுத்தாள். சத்தமே இல்லை. மறுபடி அழுத்தி எடுத்தாள். கண்ணாடியில் பனி மட்டும் வழிந்தது.

சாமியார் இறங்கி, கூட்டத்தில் நின்ற ஜோகிமேல் பாய்ந்தார். "அவரை எங்கடா விரட்டினே? இப்பவே கூட்டிட்டு வா!"

ஜோகி கையிலிருந்த எண்ணெய்த் துணி மூட்டையைப் பிரித்தான். உள்ளே பிய்ந்த ரப்பர் புஷ்கள்.

"இங்கதான் இருக்காருங்க சாமி. நீங்க சொல்லித்தான் கழட்டினேன். திரும்ப மாட்டிடட்டுமா?"