திரும்புனவ வீடு

மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுப் படுக்காதடி தாஹிரா. 'திரும்புனவ வீட்டுப் புள்ள'ன்னு மதரஸாவுல கேலி பண்ணா பண்ணட்டும். நம்ம வீட்டுக்கு ஏன் அந்தப் பேருன்னு மாமி சொல்றேன். 'ம்' போட்டுக்கிட்டே கேளு.

ஒரு ஊருக்கு வெளிய ஒரு பள்ளிவாசல். ஊரு மதீனா, பள்ளி துல்ஹுலைஃபா. மதீனாவுல இருந்து ஹஜ்ஜுக்குப் போற யாரும் அங்க இறங்காமப் போக முடியாது. ராசாவே ஆனாலும் பட்டுச் சட்டையக் கழட்டிட்டு, இஹ்ராமுங்குற தைக்காத வெள்ளைத் துணி கட்டி, ஹஜ்ஜு செய்யப்போறேன்னு மனசுல நிய்யத்து வச்சு, 'லப்பைக்', வந்துட்டேன் அல்லாஹ்ன்னு சொல்லிட்டுத்தான் மக்காப் பக்கம் அடியெடுத்து வைக்கணும். அப்பேர்ப்பட்ட பள்ளி.

அந்தக் காலத்துல நம்ம கீழக்கரையில இருந்து கப்பலேறிப் போனாங்க மைமூன் நாச்சியா, உன் வாப்பாவோட பூட்டி. கூட அவங்க மாப்பிள்ளை, அதான் புருஷன், பாக்கர் லெப்பை. மதீனாவுல இருந்து ஊர்க்காரங்களோட ஒட்டகத்துல கெளம்புனாங்க. தங் தங்குன்னு மணி. நாச்சியாவுக்குக் காய்ச்சல், நல்லாத் தூங்கிட்டாங்க. பள்ளி வந்துச்சு, எல்லாரும் இறங்குனாங்க. பாவம் தூங்கட்டும்னு மாப்பிள்ளை எழுப்பல. பாசம் ஜாஸ்தி, புத்தி கொஞ்சம் கம்மி.

முழிச்சுப் பாத்தா பள்ளி எங்கயோ பின்னாடி. 'நிய்யத்து வைக்காம எல்லையத் தாண்டிட்டேனே, திரும்பணும்'னாங்க. ம் சொல்லுடி.

'பரிகாரமா ஒரு ஆடு அறுத்துரலாம்மா'ன்னாரு கூட்டத்தலைவர். 'அது திரும்ப முடியாதவங்களுக்கு. எனக்குக் கால் இருக்கு.' அப்புறம் ஒட்டகக்காரன், 'நான் திரும்ப மாட்டேன்'னான். 'நீ போ, நான் நடந்துக்கறேன்.' அப்புறம் மாப்பிள்ளை அழுதாரு. 'இவங்கள விட்டுட்டா அரஃபா மைதானத்துல நிக்கிற நாளுக்குப் போய்ச் சேர முடியாது. ஹஜ்ஜே போயிருமே, நாச்சியா.' அவங்க இறங்கி நடந்தாங்க. சரக் சரக்குன்னு மணல். அவரும் பின்னாடியே போனாரு. போகாம என்ன செய்வாரு?

பள்ளிக் கிணத்துல குளிச்சு, தொழுது, நிய்யத்து வச்சாங்க. 'லப்பைக்' சொல்றப்போ காய்ச்சல்ல குரலே வரல. ஆனாலும் சொன்னாங்க. அப்புறம் பள்ளி வாசல்லயே உக்காந்துட்டாங்க.

'இனிமே நம்மள யாரு கூட்டிட்டுப் போவா'ன்னாரு மாப்பிள்ளை.

'ஹஜ்ஜுக்குப் போறவங்க இங்க இறங்கித்தானே ஆகணும். வருவாங்க.'

வந்துச்சுடி. தங் தங். பின்தங்குன கூட்டம் ஒண்ணு வந்து ஏத்திக்கிச்சு. அரஃபாவுல உரிய நாள்ல நின்னாங்க நம்ம நாச்சியா.

ஆனா முந்திப் போன ஊர்க்காரங்க முதல் கப்பல்லயே வந்து, 'மைமூன் பாதியில திரும்பிட்டா'ன்னு ஊரெல்லாம் சொல்லிட்டாங்க. 'திரும்புனவ வீடு'ன்னு பேரும் விழுந்துருச்சு. அப்புறம் நாச்சியா மக்காவுல இருந்து ஜம்ஜம் தண்ணியோட வந்து இறங்குனாங்க. சொன்னவங்களுக்கு வெக்கமாப் போச்சு. 'இனி அப்படிக் கூப்பிட மாட்டோம்'னாங்க.

'எதுக்கு? திரும்புனதாலதான் என் ஹஜ்ஜு முழுசாச்சு. பேரு அப்படியே இருக்கட்டும்.'

நாளைக்கு எவளாவது கேட்டா, ஆமா, நாங்க அந்த வீடுதான்னு நிமிந்து சொல்லு. எங்க, 'ம்' காணோம்? சரி, நாச்சியா வீடு வந்து சேந்துட்டாங்க. நீயும் தூங்கு.